அரைக் கிலோ பனி

பனியைப் பற்றி எனக்குத் தெரிந்தவை மூன்று. ஒன்று, ஃபிரிட்ஜின் மேல்தட்டில் சேர்வது. அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டக் கூடாது என்று என் மனைவி இருபது வருஷமாகச் சொல்லி வருகிறாள். இரண்டு, மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. அதற்கு மருந்து மப்ளர். மூன்று, குளியலறை ஜன்னலில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவது. வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும். காரைக்குடிக்காரனுக்குக் குளிர்காலம் வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அரசாணை.

இலக்கணப்படி பார்த்தால் நமக்குப் பனிக்குப் பஞ்சமே இல்லை. ஆறு பெரும்பொழுதில் இரண்டைப் பனிக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரண்டிலும் வானத்திலிருந்து வெள்ளையாக ஒரு துரும்பு விழாது. புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி, இமயமலையில் ஆளையே மூடுவதும் பனி என்று ஒரே சொல்லில் காரியத்தை முடித்துக்கொண்டது நம் மொழி. அந்தச் சிக்கனம்தான் என்னை மாட்டிவிட்டது.

டிசம்பர் இரண்டாம் வாரம் பேத்தி பள்ளிக்கூட டைரியை நீட்டினாள். மூன்றாம் வகுப்பு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வீட்டில் கைவேலைத் துறை என் பொறுப்பில் இருக்கிறது. எலுமிச்சம்பழங்களைக் கம்பியில் கோத்துச் சூரியக் குடும்பம் செய்தவன் நான். தெர்மகோலில் வைகை அணை கட்டியவனும் நான்தான். டைரியில் இருந்ததன் சாரம் இது: பழைய கண்ணாடி பாட்டிலுக்குள் கிறிஸ்துமஸ் பனிக்காட்சி, வீட்டில் கிடக்கும் பொருள்களே போதும், செலவு கூடாது, பத்து நாளில் கொண்டுவரவும்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்கெழுதியவனுக்குச் ‘செலவு கூடாது’ என்ற சொல் காதில் தேன். “இதுக்கு எதுக்குப் பத்து நாள்? ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில வச்சு எடுத்தா மேலெல்லாம் பனி தானாப் பிடிச்சுக்கிரும். காலையில அப்படியே கொண்டு போ” என்றேன்.

“ஐயா, அது வேர்வை. நான் கேக்குறது ஸ்நோ” என்றாள்.

அவள் பார்த்த பார்வையில் வைகை அணை உடைந்தது.

ஸ்நோவா! செட்டிநாட்டு வீட்டில் இல்லாத பொருளைக் கேட்டுவிட்டாள். இந்த ஊர்க்காரர்கள் கடல் தாண்டிப் போய்க் கொண்டுவராத சாமான் உண்டா? பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி. ஆனால் பனி மட்டும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. முன்னோர்கள் கொண்டுவிக்கப் போன இடங்களைப் பாருங்கள்: ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன். ஒன்றில்கூடப் பனி பெய்யாது. வியாபாரம் எங்கே நடக்கும் என்று பார்த்துப் போனார்கள் என்று சரித்திரம் சொல்லும். கம்பளிச் செலவு இல்லாத ஊராகப் பார்த்துப் போனார்கள் என்பது என் ஆராய்ச்சி.

ஆகவே பனி வீட்டில் கிடக்காது. பாட்டிலாவது கிடக்குமா என்று தேடினேன்.

எங்கள் வீடு ஆறு பங்காளிகளுக்குச் சொந்தமானது. எனக்குப் பங்காக வந்தது வளவில் இரண்டு அறையும், முகப்பில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்க்கும் உரிமையும். அந்த இரண்டு அறைக்குள் சாமான் வைக்கும் கலையை அப்பத்தாமார்களிடம்தான் படிக்க வேண்டும். சீரில் வந்த பித்தளை, எனாமல், பீங்கான் ஜாடி, கொட்டான் என்று எல்லாம் மச்சு வரைக்கும் ஏறி நிற்கும். ஆனால் காலிக் கண்ணாடி பாட்டில் ஒன்று கேட்டுப் பாருங்கள்! ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. தேன் பாட்டிலில் கசகசா. ஜாம் பாட்டிலில் பெருங்காயம். காலி பாட்டில் என்பது எங்கள் வீட்டில் பூர்வ ஜென்மத்தில்தான் உண்டு.

“ஏதாவது ஒண்ணைக் காலி பண்ணிக் குடேன்” என்றேன் மனைவியிடம்.

“எதைக் காலி பண்ணச் சொல்றீக? உங்க வயித்தைத்தான் காலியா வைக்கணும். மாசத் தொடக்கத்துல பருப்பு வாங்குனது நீங்கதானே?” என்றாள்.

காலி பாட்டில் இல்லையென்றால் முனீஸ்வரன் கோவில் தெரு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகள் கடைசியாகப் போய்ச் சேருகிற தெரு அது. நிலைப்படி, தூண், கடிகாரம், ரவிவர்மா படம், எனாமல் தூக்குச்சட்டி, யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோ எல்லாம் வரிசையாக விலை போகும். பழைய சாமான் கடை என்று நாம் போனால், அவர்கள் ‘ஆன்டிக்’ என்று பில் போடுவார்கள். ஆட்டோ பிடித்துப் போனேன்.

ஒரு கடையில், பச்சைச் சாயல் ஓடும் கனத்த கண்ணாடி ஜாடி ஒன்று நின்றது. மூடியில் சிறு குமிழ். பார்த்ததும் மனசுக்குள் ஏதோ அசைந்தது. எங்கேயோ பழகிய முகம்.

“என்ன விலை?”

“ரெண்டாயிரத்து நூறு சார். பர்மாக் காலத்துச் சரக்கு. பெரிய வீட்டுல இருந்து வந்தது.”

குமிழில் ஒரு சில் உடைந்திருந்தது. அந்தச் சில்லை உடைத்தது நான். ஆறு வயதில், சீனி திருடும்போது. எங்கள் பங்கு அறையைச் சுத்தம் செய்த அன்று பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்ட ஜாடி அது. ஜாடிக்குத் தனி விலை கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதற்கு ரெண்டாயிரத்து நூறு. அதிலும் சில் உடைந்திருப்பதால் பழமை கூடுதல் என்றார் கடைக்காரர். ஜாடியின் மதிப்பை உயர்த்தியவன் என்ற முறையில் எனக்கு ஏதாவது குறைப்பீர்களா என்று கேட்கும் தைரியம் வரவில்லை. அதே ஆட்டோவில் திரும்பினேன்.

கடைசியில் மனைவி இரங்கினாள். பூண்டு ஊறுகாய் இருந்த பாட்டிலைத் தருவதாகச் சொன்னாள். நிபந்தனை ஒன்றுதான்: ஊறுகாயை மாற்றி வைக்க அதே அளவில் புதுக் கண்ணாடி பாட்டில் ஒன்று நான் வாங்கித் தர வேண்டும். வாங்கித் தந்தேன், 120 ரூபாய். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஊறுகாய் பாட்டிலைச் சாம்பல் போட்டுக் கழுவினேன். சீயக்காய் போட்டுக் கழுவினேன். வெந்நீர், எலுமிச்சம்பழத் தோல், சமையல் சோடா என்று சகல உபசாரமும் செய்தேன். பாட்டில் பளிங்கு மாதிரி ஆனது. முகர்ந்தால் பூண்டு.

அடுத்தது மரம். பனிக்காட்சி என்றால் கூம்பாக ஒரு பச்சை மரம் நிற்க வேண்டுமாம். எங்கள் பக்கம் நிற்பதெல்லாம் கருவேலம். கடையில் பால்பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று தொங்கியது. பிடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்தினால் அசல் கிறிஸ்துமஸ் மரத்தின் உருவம். பச்சைப் பெயின்ட் அடித்தால் தீர்ந்தது வேலை. இந்தக் கண்டுபிடிப்பில் பூரித்துப் போயிருந்தபோதுதான் பேத்தி செல்போனில் தேடிப் பார்த்து ஒரு தகவல் சொன்னாள். 1930களிலேயே ஆடிஸ் என்ற பிரஷ் கம்பெனி, கழிப்பறை பிரஷ் செய்கிற அதே இயந்திரத்தில் செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம் செய்து விற்றதாம். என் மூளை வேலை செய்வதற்குத் தொண்ணூறு வருஷம் முன்பே இன்னொருவன் மூளை வேலை செய்திருக்கிறது. ஆனாலும் அவன் எடுத்தது கழிப்பறை பிரஷ், நான் எடுத்தது பால்பாட்டில் பிரஷ். சுத்தத்தில் நாம் ஒரு படி மேல்தான்.

உறைந்த குளத்துக்குக் கண்ணாடிச் சில் வேண்டும். மச்சில் ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஓரம் உடைந்து கிடந்தது. உடைந்த கண்ணாடியை வீட்டில் வைக்கக் கூடாது என்று இத்தனை வருஷமாக மனைவி சொல்லியும், பெல்ஜியம் ஆயிற்றே என்று நான் வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டு குளமானது. மனைவிக்கு மகிழ்ச்சி, எனக்குச் சொந்தமாக ஒரு நீர்நிலை.

ஆட்கள்? கொலுப் பெட்டியைத் திறந்தோம். கிருஷ்ணர் செட்டிலிருந்து பசு ஒன்றையும் கன்று ஒன்றையும் பேத்தி எடுத்தாள். சாமி குத்தம் ஆகிவிடாதா என்று மனைவி ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளே தீர்ப்புச் சொன்னாள்: “போகட்டும். ரெண்டு பேருக்கும் மாட்டுத் தொழுவம் பழக்கந்தான்.” சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் இயேசு காவியமே பாடிவிட்டார். ஒரு பசுவைக் கைமாற்றுக் கொடுப்பதில் நமக்கென்ன தயக்கம்!

எல்லாம் கூடிவிட்டது. பனிதான் பாக்கி.

முதலில் உப்பு. கல்லுப்பைப் பரப்பினால் பார்வைக்கு ஆல்ப்ஸ் மலைதான். காலையில் வந்து பார்த்தால் தட்டில் தண்ணீர் நின்றது. டிசம்பர் என்பது வெள்ளைக்காரனுக்குத்தான் பனிக்காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழையின் வால். காற்றெல்லாம் ஈரம். உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கசிய வைக்கும். “பனி உருகிருச்சு, அதுதானே இயற்கை?” என்று சமாளித்தேன். பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது சீனி. பாட்டிலுக்கு வெளியே ஒரு தட்டில் வைத்துச் சோதித்ததே நல்லதாகப் போயிற்று. அரை மணி நேரத்தில் வளவுத் தூணிலிருந்து தட்டு வரைக்கும் எறும்புகள் ரோடு போட்டுவிட்டன. பனிச்சறுக்கு விளையாட்டு என்று பெயர் வைத்து அப்படியே அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

எப்சம் உப்பு நன்றாக இருக்கும் என்று மருமகள் சொன்னாள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். கடைப் பையனுக்குப் புரியவில்லை. உள்ளேயிருந்து பெரியவர் ஒருவர் குரல் கொடுத்தார்: “பேதி உப்புடா தம்பி.” கடையில் நின்ற நாலு பேரும் திரும்பி என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். “எத்தனை நாளாச்சு சார்?” என்று பையன் அக்கறையாகக் கேட்டான். கிறிஸ்துமஸுக்கு என்றால் நம்புவானா? கிளிசரின் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தக் கட்டத்தில்தான் நிபுணர் உள்ளே வந்தார். தினமும் என்னோடு காலையில் நடக்கிறவர். சிக்ரியில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அவ்வளவு பெரிய நிலையத்தின் முழு அறிவையும் ஒரு பூண்டு ஊறுகாய் பாட்டிலுக்குள் இறக்கினோம்.

“கற்பூரம் போடுங்க. ஈரம் இழுக்காது, எறும்பு வராது” என்றார்.

தூளாக்கிப் போட்டு மூடினேன். முதல் நாள் அற்புதம். இரண்டாம் நாள் கண்ணாடி லேசாக மங்கியது. மூன்றாம் நாள் பாட்டிலின் உட்சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிகம் பூத்துப் பசு, மரம், குளம் எல்லாம் மறைந்துவிட்டன. “பதங்கமாதல்!” என்று அவர் கைதட்டினார். “கற்பூரம் உருகாம நேரா ஆவியாகி, குளிர்ச்சியான கண்ணாடியில திரும்பப் படியுது. அசல் உறைபனி வர்ற விதமும் ஏறத்தாழ இதுதான். எம்புட்டு அழகா வந்திருக்கு பாருங்க!” அவருக்கு ஆராய்ச்சி வெற்றி. எங்களுக்குப் பாட்டிலுக்குள் எதுவும் தெரியவில்லை. மூடியைத் திறந்தேன். கோயில் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே பூண்டு வாசனையும் வந்தது.

தோல்வியை ஈடுகட்ட அவர் ஒரு கதை சொன்னார். தண்ணீர் நிரப்பி, குலுக்கினால் பனி பெய்கிற கண்ணாடி உருண்டை இருக்கிறதே, 1878 பாரிஸ் கண்காட்சியிலேயே அந்த மாதிரி ஒன்றை வைத்திருந்தார்களாம். உள்ளே குடை பிடித்த ஒரு மனிதன். ஆனால் அதை ஊர் உலகமெல்லாம் பரப்பியவர் வியன்னாவின் ஏர்வின் பெர்சி. அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்கிற மெக்கானிக். 1900 வாக்கில் மின்விளக்கின் வெளிச்சத்தைக் கூட்ட வழி தேடிக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவர்கள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை விளக்குக்கு முன்னால் வைத்து வெளிச்சத்தைக் குவிப்பார்கள். அதே உருண்டையில் வெளிச்சத்தைச் சிதறடிக்கிற பொடி எதையாவது போட்டுப் பார்க்கலாம் என்று அவர் போட்ட பொடி என்ன தெரியுமா?

“என்ன?”

“ரவை.”

முகப்பில் ஒரு நிமிஷம் மௌனம். ரவை மெல்ல மெல்ல இறங்கியது அவருக்குப் பனி பெய்கிற மாதிரி இருந்ததாம். விளக்கை விட்டுவிட்டு, உள்ளே மரியாசெல் தேவாலயத்தின் சின்ன உருவத்தை வைத்துப் பனி உருண்டை செய்தார். அந்தக் குடும்பம் இன்றைக்கும் வியன்னாவில் அதைச் செய்துகொண்டிருக்கிறது. இப்போது அவர்கள் போடும் பனி எதனால் ஆனது என்பது குடும்ப ரகசியம்.

வியன்னாவில் ரவையைத் தண்ணீரில் போட்ட மனிதனுக்குப் புகழ் கிடைத்தது. நம் வீடுகளில் எத்தனை லட்சம் பெண்கள் எத்தனை கோடித் தடவை ரவையைத் தண்ணீரில் போட்டிருக்கிறார்கள்; கிடைத்தது என்னமோ “இன்னைக்கும் உப்புமாவா?” என்ற கேள்விதான்.

ரவை வீட்டில் உண்டு. செலவு கூடாது என்ற விதிக்கு அடங்கியது. காய்ச்சி ஆறிய தண்ணீர், பனி மெதுவாக இறங்க ஒரு கரண்டி கிளிசரின், இரண்டு சிட்டிகை ரவை. “வறுத்துப் போடுங்க, இல்லேன்னா கட்டி தட்டிப்போகும்” என்றாள் மனைவி. சமையற்கட்டிலிருந்து வந்த அந்த ஒரே அறிவியல் ஆலோசனையை விஞ்ஞானி ஏற்கவில்லை. பச்சை ரவையே போட்டோம். குலுக்கினேன். பனி பெய்தது! நிஜமாகவே பெய்தது. பிரஷ் மரத்தின் மேல், கிருஷ்ணருடைய பசுவின் மேல், பெல்ஜியம் குளத்தின் மேல் நின்று நிதானமாக இறங்கியது. பேத்தி கைதட்டினாள். வீடு முழுக்க வந்து பார்த்தது. பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர் இரண்டு தடவை குலுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் ரவை ஊதியது. அதற்கு மறுநாள் தண்ணீர் பால் நிறமானது. அதற்கும் மறுநாள் மூடியை மீறி ஒரு புளிப்பு வாசனை வந்தது. குலுக்கினால் பனி பெய்யவில்லை. கஞ்சி ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் புரண்டு படுத்தது. “நான்தான் வறுக்கச் சொன்னேனே” என்றாள் மனைவி. விஞ்ஞானி அன்று நடக்க வரவில்லை.

ஒப்படைக்க ஒரு நாள் பாக்கி. சாயங்காலம் அடுத்த தெரு டீச்சர் வந்தார். கிறிஸ்தவர். வருஷா வருஷம் அவர் வீட்டில் குடில் வைப்பார்கள். பிள்ளையார் நோன்புக்கு நாங்கள் பலகாரம் அனுப்பினால், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து கேக்கும் முறுக்கும் வரும். அந்த வருஷம் நோன்பும் கிறிஸ்துமஸை ஒட்டியே வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து வருகிற நோன்பு அது. இனிப்பு மாவைப் பிள்ளையாராகப் பிடித்து, அதில் 21 இழைத் திரியைப் பொருத்தி ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம். கடலில் போன முன்னோர்கள் நாளைக் கணக்கு வைக்க வேட்டியிலிருந்து தினம் ஓர் இழை உருவினார்கள் என்பார்கள். பொங்குகிற பாட்டிலைப் பார்த்துவிட்டு டீச்சர் சிரித்தார். “நெருப்பையே முழுங்குறீக. இந்தப் பனிக்கா அண்ணே இம்புட்டுப் பாடு?”

“உங்க பண்டிகைக்குத்தான் டீச்சர் படுறேன். உங்க குடில்ல பனிக்கு என்ன போடுவீக?”

“பனியா? நாங்க கேழ்வரகை முளைக்கப் போட்டுப் புல்லு மாதிரி வைப்போம். கொஞ்சம் வைக்கோலு. அம்புட்டுத்தான். பெத்லகேம்ல ஆட்டுக்காரவுக ராத்திரி வெட்டவெளியில கிடை காத்தாகன்னு பைபிள்ல இருக்கு. பனி கொட்டுனா எந்தக் கீதாரி வெளியில படுப்பாரு?”

எங்கள் சீமையில் இதைவிடப் பலமான வாதம் கிடையாது. கீதாரிகளையும் கிடையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பத்து நாளாக நான் தேடிய பனிக்கும் பெத்லகேமுக்கும் பெரிய சொந்தம் இல்லை. ஐரோப்பாக்காரன் தன் ஊர் டிசம்பரை இயேசுவுக்குப் போர்த்திவிட்டான். அதிலும் தப்பில்லை. எங்கள் மாவட்டத்தில் இடைக்காட்டூருக்குப் போய்ப் பாருங்கள். ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தன் நாட்டு ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்து 1894இல் கட்டிய இருதய ஆலயம், வயல்காட்டு நடுவே கூர்கூரான கோபுரத்தோடு நிற்கிறது. அவர் ரீம்ஸைக் கொண்டுவந்தார். நாங்கள் பெல்ஜியத்தைக் கொண்டுவந்தோம். பனியை மட்டும் இரண்டு பேராலும் கொண்டுவர முடியவில்லை. டீச்சர் வீட்டில் அதற்குப் பதிலாக ஊர்க் கேழ்வரகை முளைக்கப் போட்டுவிட்டார்கள்.

அன்று ராத்திரி பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தேன். விடியலில் தூக்கம் கலைந்தது. மார்கழி. தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி. மப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த கறுப்புத் தரையில், தெருவிளக்கு வெளிச்சத்தில், அவள் விரலிடுக்கிலிருந்து வெள்ளையாக, பொடிப்பொடியாக, நின்று நிதானமாக...

“அது என்ன பொடி?” என்றேன்.

“இதென்ன கேள்வி விடியக்காலையில? கோலப்பொடி. அரிசி மாவு போட்டா மழையில கரைஞ்சு போகுதுன்னு கல்லுமாவு வாங்குனேன்.”

கல்மாவு! ஈரத்தை இழுக்காது. எறும்பு தின்னாது. ஆவியாகாது. ஊதாது. புளிக்காது. அரைக் கிலோ பத்து ரூபாய். சைக்கிளில் வந்தவரிடம் அவள் வாங்கி, வாசல் திண்ணையிலேயே வைத்திருந்தாள். பத்து நாளாக நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் பனிக்கு என்ன செய்வது என்று யோசித்திருக்கிறேன்.

காபி குடிப்பதற்குள் வேலை முடிந்தது. அடியில் மேடும் பள்ளமுமாகக் கோலப்பொடி. நடுவில் பெல்ஜியம் குளம். பிரஷ் மரத்தின் கிளைகளில் ஃபெவிகால் தடவி மேலே பொடியைத் தூவினேன். பசுவுக்கும் கன்றுக்கும் முதுகில் கொஞ்சம். பாட்டில் கழுத்தில் குட்டி சீரியல் விளக்கு. மூடியை இறுக்கி, கோலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே வெள்ளை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பாட்டிலுக்கு முன்னால் புள்ளி வைத்துச் சின்னதாக ஒரு நட்சத்திரக் கோலம் இழுத்தாள்.

பேத்தி பள்ளிக்கூடம் போனதும் பழைய பழக்கத்தில் கணக்கெழுத உட்கார்ந்தேன். ஐந்தொகை எழுதாமல் எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் முடிந்ததாக ஆகாது. முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஆட்டோ போகவர 160. கிளிசரின் 70. பால்பாட்டில் பிரஷ் 40. பச்சைப் பெயின்ட் 65. கற்பூரம் 60. ஃபெவிகால் 30. சீரியல் விளக்கு, பேட்டரியோடு 110. உப்பு, சீனி, ரவை வீட்டுச் சரக்கு 45. ஊறுகாய்க்குப் புது பாட்டில் 120. கோலப்பொடி 10. ஆகமொத்தம் 710 ரூபாய். செலவு கூடாது என்று எழுதியிருந்த கைவேலைக்கு எழுநூற்றுப் பத்து! அதில் பனியின் பங்கு பத்தே ரூபாய்.

சாயங்காலம் பேத்தி வந்ததும் அவளிடமும் கணக்கைக் காட்டினேன். இந்த வயதிலேயே பழக வேண்டும் அல்லவா? விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். புது பாட்டில் 120 என்ற வரியில் விரல் நின்றது.

“ஐயா, ஊறுகாயை எதுக்குப் புது பாட்டிலுக்கு மாத்துனீங்க? அந்தப் புது பாட்டில்லயே ஸ்நோ செஞ்சிருக்கலாமே?”

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த இடம் இதுதான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்து நாளும் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. புது பாட்டில் வாங்க வேறு நல்ல சமயம் வாய்க்குமா? எடைக்குப் போன பச்சை ஜாடிக்கு இப்படி வட்டியும் முதலுமாக வசூல் ஆகியிருக்கிறது.

வகுப்பில் வரிசையாக வைத்த பாட்டில்களில் பெரும்பாலும் தெர்மகோல் உருண்டைதானாம். “இது என்ன ஸ்நோ?” என்று வகுப்பு டீச்சர் கேட்டதற்குப் பேத்தி சொன்னாளாம்: “எங்க அப்பத்தா டெய்லி வாசல்ல போடுவாங்களே, அது.”

நீங்களும் செய்து பாருங்கள். உப்பு வேண்டாம், சீனி வேண்டாம், கற்பூரம் வேண்டாம். ரவையை உப்புமாவுக்கு விட்டுவிடுங்கள். கல்மாவுக் கோலப்பொடி அரைக் கிலோ போதும். மிச்சத்தை மறுநாள் வாசலில் போட்டுக்கொள்ளலாம். எங்கள் பாட்டில் முகப்பில்தான் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் வந்தால் பார்க்கலாம். மூடியை மட்டும் திறக்காதீர்கள். பூண்டு வாசனை இன்னும் போகவில்லை.